ஸ்டெல்லா அப்பாவும் சம்பந்தி வீட்டு கேட்டும்

ஸ்டெல்லா அப்பா எங்கள் வீட்டுக்குள் முதன்முதலாக வந்தபோது என் பெயரைக் கேட்கவில்லை. எந்த ஊர் என்றும் கேட்கவில்லை. விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவில் நாங்கள் பால் காய்ச்சிக் குடிபோன அன்று, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ற முறையில் அவரும் அவர் மனைவியும் வந்தார்கள். அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா வீடு எது, மாமியார் வீடு எது என்று விசாரித்துக்கொண்டிருக்க, இவர் கூடத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஃபேனு டிக்டிக்குங்குதேம்மா.”

“பழைய ஃபேனுண்ணா. வீட்டுக்காரரு மாத்தித் தர்றேன்னு சொல்லியிருக்காரு.”

“அவரு மாத்தி, நீ காத்து வாங்கி! ஸ்டூலு இருக்குதா?”

ஸ்டூல் இன்னும் வண்டியிலிருந்து இறங்கவில்லை. தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறிவிட்டார். மற்ற ஆண்கள் பேனா செருகிக்கொள்ளும் சட்டைப்பையில் அவர் மஞ்சள் பிடி போட்ட டெஸ்டர் ஒன்றைச் செருகியிருந்தார். அதை உருவி எதையோ முடுக்கினார். நான் பால் டம்ளரோடு கீழே நின்றேன்.

“வந்த வூட்ல மொதல்ல ஒக்காந்து பால குடிய்யா. அப்புறம் மரமேறு,” என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “இத கட்டிக்கினு நான் படற பேஜாரு கொஞ்சமா நஞ்சமா,” என்றார்.

ஃபேன் சத்தம் நின்றது. பாலும் ஆறிவிட்டது. அவர் அதை நின்றபடியே குடித்துவிட்டு, “சமையக்கட்டுல கொழா சொட்டுது போல,” என்று உள்ளே போனார்.

அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. தெருவில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. மகள் பிறந்த நாளிலிருந்து அவர் ஸ்டெல்லா அப்பா, அவர் மனைவி ஸ்டெல்லா அம்மா. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அவரை எலக்ட்ரீஷியன் என்று நினைத்துவிடாதீர்கள். ரயில்வேயில் பார்சல் ஆபீஸ் உத்தியோகம். டெஸ்டருக்கும் அந்த வேலைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. உண்மையைச் சொன்னால் அவர் பெரிய கைகாரரும் இல்லை. பாதி வேலை நன்றாக வரும், பாதி வேலை வேறு எப்படியோ வரும். எங்கள் வீட்டு காலிங் பெல்லை ஒரு தடவை சரிசெய்தார். அதற்குப் பிறகு பாத்ரூம் விளக்கைப் போட்டால் வாசலில் பெல் அடித்தது. விருந்துக்கு வந்திருந்த என் நாத்தனார், தான் உள்ளே போவதும் வருவதும் தெருவுக்கே தெரிகிறதே என்று இருட்டிலேயே போய்வந்தாள். நான் அவரிடம் சொன்னபோது, “பெல்லு அடிக்குதா இல்லியா, அத சொல்லு,” என்றார். அடிக்கிறது என்றுதான் நானும் சொல்ல வேண்டியிருந்தது.

கெடாரில் அக்காவின் பெரியப்பா இறந்துபோனார். நானும் அவர்களோடு போயிருந்தேன். ஸ்டெல்லா அப்பா ஈரமனசுக்காரர். பெரியவரின் காலடியில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுதுகொண்டிருந்தவர் அப்படியே குனிந்தார். மயங்கி விழுகிறாரோ என்று நான் பதறிப்போனேன். ஐஸ் பெட்டிக்கு வந்த ஒயரின் பிளக் தளர்ந்து லேசாகப் பொறி பறந்துகொண்டிருந்திருக்கிறது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து டெஸ்டரை எடுத்து அதை முடுக்கினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டேயிருந்தது, மூக்கை உறிஞ்சிக்கொண்டேயிருந்தார். முடித்ததும் எழுந்து நின்று விட்ட இடத்திலிருந்து அழுதார். அந்த அழுகையும் உண்மை, முடுக்கியதும் உண்மை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அவர்மேல் மரியாதையும் வந்தது.

“ஏண்ணா, எழவு வூட்லகூடவா?” என்று திரும்பும்போது கேட்டேன்.

“ஒரு வூட்டுக்குப் போனா சும்மா குந்தினு வர்றதாம்மா? நம்மால ஆனது எதுனா ஒண்ணு செஞ்சிட்டு வரணும். இல்லாங்காட்டி எதுக்குப் போறது?”

இதை அவர் அடிக்கடி சொல்வார். கை சும்மா இருக்கிற வீட்டில் தனக்கு என்ன வேலை என்பதுதான் அவருக்கு எப்போதும் கேள்வி.

ஸ்டெல்லா ஒரே பெண். அவளுக்கு டார்ச் பிடிக்கும் வேலை. அவள் நடக்கப் பழகிய காலத்திலிருந்தே அதுதான் வேலை என்று அக்கா சொல்வார். ஸ்விட்ச் போர்டைக் கழற்றினாலும் மோட்டாரைப் பிரித்தாலும், “ஸ்டெல்லா, டார்ச் எட்த்தா,” என்ற குரல் சுவர் தாண்டி எங்கள் வீட்டுக்குக் கேட்கும். கொஞ்ச நேரத்தில், “நேரா புடிம்மா. எம்மேல அடிக்காத, ஸ்க்ரூ மேல அடி,” என்று கேட்கும். அப்பனும் பெண்ணும் பேசிக்கொண்டதெல்லாம் பெரும்பாலும் இந்த மாதிரிதான். சாப்பிட்டாயா, நன்றாக இருக்கிறாயா என்று அவர் அந்தப் பெண்ணைக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவள் செருப்பின் வார் தேய்ந்திருக்கிறதா, குடைக்கம்பி வளைந்திருக்கிறதா, பையின் ஜிப் ஓடுகிறதா என்று பார்ப்பார். அதையெல்லாம் சரிசெய்து அவள் இடத்தில் வைத்துவிடுவார்.

பிளஸ் டூவில் அவளுக்கு நினைத்த மதிப்பெண் வரவில்லை. அறைக்குள் தாழ்போட்டுக்கொண்டு அழுதாள். அக்கா கதவுக்கு வெளியே நின்று திட்டுவதும் கெஞ்சுவதுமாக இருந்தார். இவர் ஆபீசிலிருந்து வந்தார், விஷயத்தைக் கேட்டுக்கொண்டார், கொல்லைக்குப் போய் அவள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார். செயினைக் கழற்றிக் கழுவி, பிரேக் கட்டையை மாற்றி, எண்ணெய் போட்டு, பொழுது சாய்கிறவரை அதனோடு மல்லுக்கட்டினார். பிறகு கதவைத் தட்டி, “ஸ்டெல்லா, டார்ச் புடி வா. கண்ணு தெரியல,” என்றார். அவள் வீங்கிய முகத்தோடு வெளியே வந்து டார்ச் பிடித்தாள். மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் அவள் அந்த சைக்கிளில் தெருவைச் சுற்றிவந்ததைப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் ஓடியது.

ஸ்டெல்லாவைத் திண்டிவனத்தில் கொடுத்தார்கள். ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம், நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, ரோட்டோரம் பெரிய முற்றத்தோடு ஒரு வீடு, வாசலுக்கு இரும்பு கேட். நல்ல குடும்பம், கோவில் குளம் என்று ஒழுங்காக இருக்கிறவர்கள். மாப்பிள்ளை தினமும் ரயிலேறிச் செங்கல்பட்டுக்கு வேலைக்குப் போய்வந்தார். கல்யாணத்தன்று மாதா கோவிலில் மகளின் கையைப் பிடித்துப் பீடம் வரைக்கும் கூட்டிப்போனார் ஸ்டெல்லா அப்பா. பாதி வழியில் மைக் கரகரத்தது. அவர் தலை அந்தப் பக்கம் திரும்பியதும், மகள் முக்காட்டுக்குள்ளிருந்து அவர் கையைக் கிள்ளியதை நான் பார்த்தேன்.

மறுவீட்டு விருந்துக்குத் திண்டிவனம் போனோம். இலை போட்டாயிற்று, சம்பந்தியைக் காணோம். கை கழுவப் போனவர் பாத்ரூமில் ஃப்ளஷ் தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டுக்கொண்டிருந்தார். பட்டுப்புடவையும் நகையுமாக ஸ்டெல்லா பக்கத்தில் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீடே சிரித்தது. ஸ்டெல்லாவின் மாமியார்தான் அதிகமாகச் சிரித்தார். “சம்மந்தி நம்ம வூட்டு ஆளாட்டமே கீறாரு,” என்றார். இவருக்கு முகமெல்லாம் பல்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் திண்டிவனம் பஸ்ஸில் ஏறிவிடுவார். கையில் ஒரு ரெக்சின் பை, அதில் ஸ்பேனர், கட்டிங் பிளேயர், கிரீஸ் டப்பா. ஒரு வாரம் சமையலறைக் குழாய், ஒரு வாரம் ஜன்னல் கொக்கி, ஒரு வாரம் பீரோ கைப்பிடி. முதலில் சிரித்தவர்கள் பிறகு சும்மா இருந்தார்கள். பிறகு அந்தப் பொறுமையும் குறைந்தது. மாப்பிள்ளையின் அப்பா, “எங்க கிட்டியும் ஆளு இருக்குது சம்மந்தி. சொன்னா வந்து செய்வான்,” என்று நாசூக்காகச் சொல்லிப் பார்த்தார். “அவன் வந்து, நீங்க காசு குடுத்து! நகருங்க,” என்று இவர் ஸ்டூலில் ஏறிவிட்டார்.

அக்காவுக்குத்தான் மானம் போனது. “பொண்ண கட்டிக் குடுத்தமா, கூடவே வேலைக்கு ஆளும் அனுப்பி வெச்சமான்னு அவங்க பேசிக்க மாட்டாங்க?” என்று என்னிடம் புலம்புவார்.

எனக்கு அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மகளைப் பார்க்கணும்போல இருந்தது, வந்தேன் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அந்த வீட்டில் ஏதாவது கெட்டுப்போனால்தான் அவருக்கு அங்கே இடம். எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் எந்த முகத்தோடு போவார்?

இத்தனை வருஷம் கழித்து இதெல்லாம் நினைவுக்கு வருவதற்குக் காரணம் என் கணவர். எங்கள் மகளை இந்தச் சித்திரையில் கட்டிக்கொடுத்தோம். அப்பாக்காரர் தினமும் போன் போட்டு, “அங்க மழையா?” என்று அவளைக் கேட்கிறார். மழை இல்லை என்றால் பேச்சு முடிந்துபோகிறது. போனை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நாங்கள் விழுப்புரத்தை விட்டு வேலூர் வந்து வெகுகாலம் ஆகிறது. ஸ்டெல்லா அப்பாவும் இப்போது இல்லை. அவர் கதையைத்தான் இவருக்கு இந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வருஷம் தலை கிறிஸ்துமஸுக்கு மகளும் மாப்பிள்ளையும் விழுப்புரம் வந்துபோனார்கள். புதுவருஷம் பிறந்த பிறகு ஸ்டெல்லா அப்பா திண்டிவனம் போனார். அன்றைக்கு அந்த வீட்டில் கெட்டுப்போனது ஒன்றும் அகப்படவில்லை போலிருக்கிறது. திரும்பிவரும்போது வாசல் கேட் அவர் கையில் கீச்சென்று கத்தியது. அவ்வளவு நாளாக இதை எப்படி விட்டோம் என்று அவருக்கே ஆச்சரியம். பையைத் திறந்து கீலுக்கு எண்ணெய் விட்டு, மேலே கிரீஸும் அப்பி, நாலு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டார். “வெண்ணெயாட்டம் போவுதும்மா,” என்று என்னிடம் வந்து சொன்னார்.

இரண்டு நாள் கழித்து ஸ்டெல்லா போன் செய்தாள். அக்காவின் சமையலறையில் நானும் இருந்தேன். கையில் மாவு ஒட்டியிருந்ததால் அக்கா ஸ்பீக்கரைப் போட்டார்.

“அப்பா இருக்காரா?”

“தோ இருக்குது, பேசு.”

“அப்பா, கேட்டுக்கு எண்ண போட்டியா?”

“ஆமாம்மா. கிரீஸும் வெச்சிருக்கேன். இனிமே அது வாயே தொறக்காது.”

“ஆடு பூந்துடுச்சிப்பா,” என்றாள்.

விதைக்கென்று ஒதுக்கிவைத்திருந்த மல்லாட்டையை உரிப்பதற்கு முன்னால் முற்றத்தில் காயப் போட்டிருந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு ஆடுகள் முட்டித் தள்ளியதும் கேட் சத்தமில்லாமல் திறந்து வழிவிட்டிருக்கிறது. மாமியார் கொல்லைப்பக்கம் இருந்திருக்கிறார். அவருக்குச் சர்க்கரையால் கண்பார்வை மங்கல்.

“அத்தைக்குக் கேட்டு சத்தந்தாம்பா கண்ணு. அவரு வந்தா ஒரு மாதிரி கேக்கும், மாமா வந்தா ஒரு மாதிரி கேக்கும். பால்காரரு, போஸ்ட்மேன், எல்லாம் தெரியும் அவங்களுக்கு. ஆடு முட்னாகூட கொரலு குடுப்பாங்க. நேத்து அது வாயே தொறக்கல. மாமா வந்து பக்கத்துல நிக்கறார், இவங்க திருடன்னு நெனச்சி அலறிட்டாங்க.”

“ஐயையோ,” என்றார் அக்கா.

“நான் வேணா வந்து…” என்று ஆரம்பித்தார் இவர்.

“வேணாம்பா. நானே பெட்ரோல்ல துணிய நனைச்சி தொடச்சி எடுத்துட்டேன். கீலு உள்ள மண்ணத் தூவிட்டேன். இப்ப நல்லா கத்துது.”

“நீயா தொடச்ச?”

“நான்தாம்பா. கோச்சிக்காதப்பா. இனிமே வரும்போது அந்தப் பையும் டெஸ்டரும் வாணாம். சும்மா வா. வந்து ஒக்காரு, சாப்புடு, எங்கூட இரு. அது போதும் எனுக்கு.”

“சரிம்மா,” என்றார்.

சாயங்காலம் துணி எடுக்க நான் மாடிக்குப் போனபோது அவர் பக்கத்து மாடியில் தண்ணீர்த் தொட்டியின்மேல் சாய்ந்து நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், “மேல் கீலு, கீழ் கீலு, தாப்பா, மூணு எடத்துலயும் தொடச்சிருக்குதாம்மா,” என்றார். “நான் எங்கெங்க வெப்பேன்னு அதுக்குத் தெரியும். டார்ச் புடிச்ச பொண்ணு ஆச்சே.” பெருமையாகச் சொன்னாரா வலித்துச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. கொஞ்சம் பொறுத்து, “சும்மா வான்னுது. சும்மா போய் குந்திக்கினா அந்த வூட்ல நான் யாரும்மா?” என்றார்.

மகளைப் பார்க்க வந்த அப்பா என்று நான் சொன்னேன். அது அவர் காதில் ஏறவில்லை.

அதற்குப் பிறகு அவர் திண்டிவனம் போகவில்லை. ஒரு ஞாயிறு தலைவலி என்றார், ஒரு ஞாயிறு ஆபீசில் ஆள் இல்லை என்றார். ஸ்டெல்லாவும் போனில் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்தாள். அக்கா இரண்டு பக்கமும் இடிபட்டார். இப்படியே விட்டால் அப்பனும் மகளும் கோவில் திருவிழாவில் பார்த்துக்கொள்கிற உறவாகிவிடும் என்று எனக்கே பயம் வந்துவிட்டது.

அப்போதுதான் தபசு காலம் ஆரம்பித்தது. ஈஸ்டருக்கு முந்தைய அந்த நோன்பு நாட்களில் கிறிஸ்தவர்கள் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்தமான ஒன்றை விட்டுவிடுவார்கள். அக்கா கறி சாப்பிட மாட்டார். எதிர்வீட்டுக்காரர் சிகரெட்டை விடுவார், வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுவார். சாம்பல் புதனன்று ஸ்டெல்லா அப்பா கோவிலிலிருந்து நெற்றியில் சாம்பலோடு வந்தார், சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்தார், மாதா படத்துக்குப் பின்னால் வைத்தார்.

“இன்னாய்யா இது?” என்றார் அக்கா.

“இந்த வருசம் இத வுட்டுட்டேன்.”

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து என்னிடம் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். ஒரு வாரம் தாங்காது என்று நான் சொன்னேன்.

தாங்கினார். தெருதான் தாங்கவில்லை. என் மிக்சி நின்றுபோனது. அவர் வாசல்வரை வந்து, அதைத் தொடாமல் தள்ளியே நின்று பார்த்துவிட்டு, “கடைக்கு எடுத்துக்கினு போயிடும்மா,” என்றார். சொந்தக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்கிற மாதிரி இருந்தது முகம். பூசையில் அவர் தலைக்குமேல் ஃபேன் ஆடினால் கண்ணை மூடிக்கொள்வாராம். கை மட்டும் ஓயாமல் காலிச் சட்டைப்பைக்குப் போய்த் திரும்பும். குருத்தோலை ஞாயிறுக்குத் தென்னங்குருத்தில் சிலுவை பின்னினார். எங்கள் வீட்டுக்கு இரண்டு, எதிர்வீட்டுக்கு நாலு என்று தெரு முழுக்கக் கொடுத்தார்.

ஈஸ்டருக்கு எல்லோரும் வர வேண்டும் என்று ஸ்டெல்லாவின் மாமியாரே போன் செய்தார். என்னையும் கூட்டிவரச் சொன்னாராம். அன்று காலையில் புறப்படும்போது அக்கா மாதா படத்துக்குப் பின்னால் கையை விட்டு டெஸ்டரை எடுத்து நீட்டினார்.

“இந்தா. தபசு முடிஞ்சிச்சி. வெச்சிக்க.”

அவர் புதுச் சட்டை போட்டிருந்தார். டெஸ்டரைப் பார்த்தார், கையையும் நீட்டினார். பிறகு அந்தக் கையால் தலைமுடியைத் தடவிவிட்டுக்கொண்டு, “கெடக்கட்டும்,” என்றார்.

“அப்புறம் அங்க வந்து கை நமநமங்குதுன்னு ஸ்பூனால எதியாவது நோண்டினு இருக்கக்கூடாது.”

“கெடக்கட்டும்டி. ஜல்தி கெளம்பு.”

திண்டிவனத்தில் இறங்கி ஆட்டோவில் போனோம். வீட்டுக்கு முன்னால் இறங்கியதும், பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி கேட்டுக்கு எதிரில் நின்றார். அந்த கேட்டின் கீலில்தான் அவர் மகள் அவர் வேலையைத் துடைத்து எடுத்திருந்தாள். கையை வைத்தார். அவருக்கு எதையும் வேகமாகத் திறந்து பழக்கமில்லை. எங்கே உரசுகிறது, எங்கே இடிக்கிறது என்று காதைக் கொடுத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி, நிறுத்தி, மறுபடி கொஞ்சம் தள்ளித்தான் திறப்பார். கேட் கீ…ச் என்றது. நின்றது. மறுபடி கீ…ச் என்றது.

வீட்டுக்குள் எங்கோ பின்னாலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

“ஸ்டெல்லா! ஒங்கப்பா வந்துட்டாரு பாரு!”

நாங்கள் இன்னும் முற்றத்தில் காலே வைக்கவில்லை. வாசலில் யாரும் இல்லை, ஜன்னலில் யாரும் இல்லை. அவர் கேட்டைப் பிடித்த கையை எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டார்.

“உள்ள போய்யா, வெயிலு கொளுத்துது,” என்று அக்கா முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

மாமியார் சுவரைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தார். “வாங்க சம்மந்தி. எத்தினி வாரமாச்சி ஒங்க சத்தம் கேட்டு. எம்புள்ள எட்டி ஒதைப்பான், இவரு பாதி தொறந்து பூந்து வருவாரு. நிறுத்தி நிறுத்தித் தொறக்கற ஆளு இந்த வூட்டுக்கு நீங்க ஒருத்தர்தான். வாரா வாரம் இன்னிக்கு வருவீங்கன்னு காத குடுத்துக்கினே இருப்பேன்.”

அவர், “வர்றேங்க, வர்றேங்க,” என்று ஏதோ வாய்க்குள் சொன்னார். சரியாக வெளியே வரவில்லை.

ஸ்டெல்லா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். முதலில் அவர் கையைப் பார்த்தாள், பை இல்லை. சட்டைப்பையைப் பார்த்தாள், டெஸ்டர் இல்லை. அவள் முகம் சிரிக்கப் பார்த்து முடியாமல் கோணியது.

நல்ல சாப்பாடு. சாப்பாட்டு மேஜைக்கு ஒரு கால் கட்டை, தட்டை வைத்தால் ஆடியது. தலைக்குமேல் ஃபேன் தட்டிக்கொண்டிருந்தது. அவர் ஒரு தடவைகூட நிமிரவில்லை. சாப்பிட்டு முடித்ததும் கூடத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஆண்கள் வெளியே மரத்தடிக்குப் போனார்கள், அவர் போகவில்லை. நானும் அக்காவும் பாயைப் போட்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தோம். ஸ்டெல்லா வேலையை முடித்துவிட்டு வந்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

இருவருக்கும் நடுவில் ஸ்க்ரூ இல்லை, டார்ச் இல்லை. என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே அவஸ்தையாக இருந்தது.

“இன்னாப்பா?” என்றாள் ஸ்டெல்லா.

அவர் தொண்டையைச் செருமினார். சுவரைப் பார்த்தார், ஃபேனைப் பார்க்கப் போய் நிறுத்திக்கொண்டார்.

“நல்லாருக்கியாம்மா?”

அவள் அவரையே பார்த்தாள். பிறந்ததிலிருந்து அந்தக் கேள்வியை அவர் வாயால் அவள் கேட்டதில்லை. பக்கத்தில் அக்காவின் கையில் வெற்றிலை அப்படியே நின்றது.

“நல்லாருக்கேன்பா,” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “நல்லாதாம்பா இருக்கேன். அவரு வர்றதுக்குத்தான் லேட்டாவுது. ரயிலு சில நாளு மேல்மருவத்தூர்லயே நின்னுடுது. அதுவரிக்கும் நானும் அத்தையும் கேட்டு சத்தம் எப்ப வரும்னு உக்காந்துக்கினு இருப்போம்.”

“அப்புறம்?” என்றார் அவர்.

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அவள் சொல்ல ஆரம்பித்தாள். மாமியாருக்கு ஊசி போடக் கற்றுக்கொண்டது, மாமாவுக்கு உப்பு கம்மியாக வேண்டும், மாப்பிள்ளைக்குத் தூக்கத்தில் பேசுகிற பழக்கம், சாயங்காலம் ஆனால் விழுப்புரம் வீட்டு நினைப்பு வந்துவிடுவது, இப்போது கொஞ்சம் பரவாயில்லை என்பது. ஒவ்வொன்று முடிந்ததும் அவர், “அப்புறம்?” என்றார். எப்போதென்று தெரியாமல் தொடைக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்து அவள் தலைமேல் இருந்தது. என்னால் பார்க்க முடியவில்லை. வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன்.

வெயில் தாழ்ந்து புறப்பட்டபோது கேட்டை அவரே சாத்தினார். மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சாத்தினார். உள்ளேயிருந்து, “பாத்துப் போங்க சம்மந்தி! அடுத்த வாரம் வந்துடுங்க!” என்று குரல் வந்தது. “வர்றேங்க!” என்று அவர் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவருக்கு இடம் கிடைத்தது. ஊரைத் தாண்டியதும் பின்சீட்டில் இருந்த என் பக்கம் திரும்பினார்.

“கேட்டியாம்மா? உள்ள இருந்துக்கினே சொல்லிட்டாங்க, நான்தான்னு.”

“கேட்டண்ணா.”

விக்கிரவாண்டி வந்தது. மறுபடி திரும்பினார். “நம்ம மொகத்தக்கூட பாக்கல அவங்க. சத்தத்த வெச்சே சொல்லிட்டாங்க.”

“அதான் சொல்லிட்ட இல்ல. பஸ்ஸு பூரா கேட்டாச்சு, டிரைவரு மட்டுந்தான் பாக்கி,” என்றார் அக்கா.

அவர் சிரித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். அவர் காதுக்குப் பக்கத்திலேயே ஜன்னல் கண்ணாடி ஒரு ஸ்க்ரூ இல்லாமல் விழுப்புரம் வரைக்கும் கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.